வாசல் உண்டு, பாதை இல்லை

தேசியப் பூங்கா என்றாலே டிக்கெட் கவுண்டர், பார்வை நேரம், வேன் சவாரி என்றுதான் நமக்குத் தோன்றும். அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' பூங்காவில் இதெல்லாம் எதுவும் இல்லை. ஆர்க்டிக்கின் வாசல்கள் என்று பெயர்தான், உள்ளே போகச் சாலையும் கிடையாது, போட்டு வைத்த நடைபாதையும் கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை! ஆனால் சிறிய விமானத்தை வாடகைக்கு எடுத்து ஏரியிலோ ஆற்றோரத் திட்டிலோ இறங்க வேண்டும். காசு அங்கேதான் கரையும். பக்கத்துக் காப்பகத்தையும் சேர்த்தால் பரப்பு சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். கேரளாவை விடக் கொஞ்சம்தான் சின்னது.

இந்தப் பெயரை வைத்தவர் பாப் மார்ஷல் என்ற அமெரிக்க வனவியலாளர். 1929 கோடையில் முதல் தடவை அங்கே போனபோது அவருக்கு வயது 28. மரங்கள் வடக்கே எதுவரை வளர்கின்றன என்று ஆராய்வது ஒரு காரணம். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது இன்னொரு காரணம், அதுதான் உண்மையான காரணம் போலிருக்கிறது. கோயுகுக் ஆற்றின் வடகிளையில் ஏறிப் போனவர், ஆற்றின் இரு பக்கமும் தூண் மாதிரி நின்ற இரண்டு மலைகளைப் பார்த்து 'வாசல்' என்றார்.

அடுத்த வருடம் திரும்பி வந்து வைஸ்மன் என்ற குக்கிராமத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் தங்கினார். அந்த ஊரைப் பற்றி 1933-ல் வெளியிட்ட புத்தகத்தின் ராயல்டியில் ஊர்க்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார். எழுத்தாளர்கள் கவனிக்கவும்! 1939-ல், 38 வயதிலேயே, ரயில் பயணத்தில் இறந்து போனார்.

வரைபடத்தில் வெறுமையாக இருந்த அந்த மலைகள் நுனாமியுட் மக்களுக்குச் சொந்த ஊர். காரிபூ மான் கூட்டங்களின் பின்னால் அலைந்து வாழ்ந்தவர்கள். 1949 வாக்கில் அனக்டுவுக் கணவாயில் நிலையாகத் தங்கினார்கள். அந்தப் பெயருக்குக் காரிபூ புழுக்கை கிடக்கும் இடம் என்று அர்த்தம். மார்ஷல் வைத்த பெயரை விட இது வேட்டைக்காரனுக்கு உபயோகமான பெயர்.

1978-ல் அதிபர் கார்ட்டர் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார், 1980-ல் சட்டம் மூலம் தேசியப் பூங்கா ஆனது. கிராமம் பூங்காவின் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் சாப்பாட்டுக்காக வேட்டையாடலாம் என்று அதே சட்டம் அனுமதித்தது. ஆனால் கோடையில் வேட்டைக்குப் போக அவர்கள் ஓட்டும் பல சக்கர வண்டிகள் தரையைக் கிழிக்கின்றன என்று தகராறு வந்தது. கடைசியில் 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிலமாற்று ஒப்பந்தத்துக்குச் சம்மதித்து, பூங்காவின் சில பகுதிகளில் அந்த வண்டிகள் போக வழி விட்டது.