தன்மைப் பன்மையும் தனிமனிதனும்: சமியாத்தின் நாவல் ஒன்றன் வரலாறு

குறைவற்ற சமுதாயம் ஒன்றைக் கற்பித்துக் காட்டும் நூல்கள் மேலை நாடுகளில் தாமசு மூரின் 'உட்டோப்பியா' (1516) முதலாகத் தொடர்ந்து வந்துள்ளன. அத்தகைய சமுதாயம் கைகூடுமாயின் அதன்கண் வாழும் தனிமனிதன் யாதாவான் என வினவும் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்தன. இவ்வகையின் முன்னோடியாக அறிஞர் பலரும் கொள்வது, ருசிய எழுத்தாளர் யெவ்கெனி சமியாத்தின் 1920-21இல் இயற்றிய நாவலாகும். அதன் பெயர் ஒரு தன்மைப் பன்மைச் சொல். அதனைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது என்பது எளிதாக விடை காணத்தக்க வினா அன்று. ஆதலின் 'மி' என்னும் ருசியச் சொல்லாலேயே ஈண்டு நூலைச் சுட்டுவோம்.

சமியாத்தின் (1884-1937) கப்பற் பொறியியல் கற்றவர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது போல்சவிக்குக் கட்சியைச் சார்ந்து நின்று சிறை புகுந்தார். 1922இல் அக்கட்சியின் ஆட்சியே அவரை முன்னைய அதே சிறையில் மீண்டும் அடைத்தது. இவ்விரு சிறைகளுக்கும் இடையே 1916இல் அவர் இங்கிலாந்து சென்று, நியூகாசிலில் ருசிய அரசுக்கெனப் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்த்தார். 1917 செப்டம்பரில் தாயகம் திரும்பினார். ஆங்கில வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'தீவினர்' என்னும் குறுநாவலில் ஒரு பாதிரியார் வருகின்றார். உணவு, அறச்செயல், கழிவிரக்கம், இல்லறவுறவு ஆகிய அனைத்திற்கும் அவர் கால அட்டவணை வகுத்து, மக்களைக் கட்டாயத்தால் மீட்சி பெறச் செய்ய விழைகின்றார். 'மி' சோவியத்து ஆட்சியை மட்டும் பழித்தெழுந்த நூல் என்பார் இக்குறுநாவலைக் கருதிப் பார்த்தல் வேண்டும். அட்டவணையால் ஆளப்படும் மனிதனை அவர் முதலிற் கண்டது, அமைதியான ஓர் ஆங்கில நகரத்திலேயாம்.

அவ்வட்டவணை 'மி'யில் ஓர் அரசின் அரசியற் சட்டமாகவே வளர்கின்றது. இருநூறாண்டுப் போருக்குப் பின் எஞ்சிய மக்கள் பசுமதில் ஒன்றனுள், கண்ணாடியால் ஆகிய வீடுகளில் வாழ்கின்றனர். ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டு சென்று, ஒவ்வொரு கவளத்தையும் 50 முறை மெல்லுகின்றனர். நாள்தோறும் இரண்டு மணி நேரமே அவரவர்க்கு உரியது. அதனையும் ஒழிக்கும் நாளை நூலின் தலைவன் ஆவலோடு எதிர்நோக்குகின்றான். அங்கு எவர்க்கும் பெயர் இல்லை. ஆடவர்க்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், மகளிர்க்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும் வழங்குகின்றன. (உயிரும் மெய்யும் பற்றிய நம் இலக்கண மரபினை அறிந்தார்க்கு இப்பகுப்பு நகையும் சிந்தனையும் ஒருங்கே தரும்.)

இது வெறுங் கற்பனையோ எனின், அன்று. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரங்கணித்து ஒழுங்குபடுத்திய அமெரிக்கப் பொறிஞர் டெய்லரை இந்நாவலின் மாந்தர் பண்டையோருள் தலைசிறந்த அறிஞராகப் போற்றுகின்றனர். நாவல் எழுதப்பட்ட நாளில் அலெக்சேய் காசுத்தெவ் என்னும் ருசியக் கவிஞர் டெய்லர் நெறியைப் பரப்பி வந்தார். பாட்டாளிகளைப் பெயரால் அன்றி எழுத்தாலும் எண்ணாலும் சுட்டும் நிலை வரும் என்று அவர் உவகையோடு எழுதினார். சமியாத்தின் அச்சத்தோடு கண்டதும் காசுத்தெவ் விருப்போடு கண்டதும் ஒரே காட்சியே. காசுத்தெவ் 1938இல் கைதாகி, 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உரிமை பறிக்கப்படுவதைக் காட்டும் நூல்கள் பல. பறிகொடுத்தவனே அதனைப் பேறாக எண்ணி மகிழ்வதைக் காட்டுவதே 'மி'யின் தனிச் சிறப்பு என்பது என் கருத்து. ஆதாமும் ஏவாளும் உரிமையற்ற இன்பத்தை விடுத்து இன்பமற்ற உரிமையைத் தேர்ந்தனர். அப்பிழையைத் திருத்தியவர் தாமே என அரசவைக் கவிஞன் ஒருவன் நாவலில் வாதிடுகின்றான். தாசுத்தாயெவ்சுக்கி 1880இல் முடித்த 'கரமாசவ் உடன்பிறந்தார்' நாவலில் சமய விசாரணைத் தலைவர் கூறும் வாதத்தின் வழித்தோன்றலே இது. தலைவன் டி-503 ஒரு கணித வல்லுநன், விண்கலம் சமைப்பவன். ஐ-330 என்னும் பெண்ணின்பாற் காதல் கொண்டதும் அவனுள் ஓர் ஆன்மா உருவாகிவிட்டதென்றும் அந்நோய் தீராதென்றும் மருத்துவர் கூறுகின்றார். ஆனால் அரசு அதற்கும் மருந்து காண்கின்றது. கற்பனையை அகற்றும் அறுவைக்குப் பின், கண்ணாடிக் கூண்டினுள் அப்பெண் வதைக்கப்படுவதை அவன் யாதொரு சலனமுமின்றிப் பார்த்திருக்கின்றான்.

நூலின் வரலாறும் நூற்பொருளை ஒத்ததே. தாயகத்தில் அச்சேற இசைவு கிட்டாமையால் 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது முதலில் வெளிவந்தது. 1927இல் பிராகு நகரத்து இதழொன்று ருசிய மூலத்தின் பகுதிகளை வெளியிட்டது. ஆசிரியருக்குத் தீங்கு நேராவண்ணம், செக்கு மொழியிலிருந்து மீளப் பெயர்த்தவை போலத் தோன்றுமாறு அவை மாற்றப்பட்டிருந்தன. அம்முயற்சி பயன் தரவில்லை. 1929இல் எழுத்தாளர் சங்கத்தார் அவருடைய விளக்கத்தைக் கேளாமலே அவரைக் கண்டித்தனர். அவர் சங்கத்தினின்றும் விலகி, 1931இல் சிதாலினுக்கு நேரே மடல் எழுதி, கார்க்கியின் துணையால் நாடு நீங்கினார். 1937இல் பாரிசில் மறைந்தார். ருசிய மூலம் முழுமையாக நியூயார்க்கில் 1952இலும், சோவியத்து மண்ணில் 1988இலும் வெளிவந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்த ஆர்வெல் 1946 சனவரியில் மதிப்புரை எழுதியதும், அவருடைய '1984' 1949இல் வெளிவந்ததும் பலர் அறிந்தனவே.

இனி நூற்பெயரைக் காண்போம். ருசியத்திலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ, கேட்போனை உளப்படுத்தும் 'நாம்' வேறு. அவனை நீக்கி நிற்கும் 'யாம்', 'நாங்கள்' ஆகியன வேறு. தொல்காப்பிய உரையாசிரியர்கள் உளப்பாட்டுத் தன்மையை நுணுகி ஆராய்ந்திருத்தலைக் கற்றோர் அறிவர். டி-503 தன் குறிப்புகளைப் பிற கோள்களில் வாழ்வோர்க்கென எழுதத் தொடங்குகின்றான். அவர்கள் இன்னும் அரசின் நுகத்திற்கு உட்படாதவர்கள். எனவே முதற் குறிப்புகளில் 'நாங்கள்' என்பதே பொருந்தும். ஆனால் அவன் சமைக்கும் விண்கலத்தின் நோக்கம், அக்கேட்போரையும் அரசினுள் அடக்குவது. அஃதாவது 'நாங்கள்' என்பதனை 'நாம்' ஆக்குவது. 'நாங்கள்' எனத் தலைப்பிடின் படிப்பவர் மதிலுக்கு வெளியே நிற்பர்; 'நாம்' எனின் உள்ளே வந்துவிடுவர். மூலத்தில் மறைந்து கிடக்கும் இவ்விருமையைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு தொடரிலும் வெளிப்படையாக முடிவு செய்தே ஆக வேண்டும். நூலினுள் 'நாங்கள்' என்று தொடங்கி, அறுவைக்குப் பிந்திய இறுதிக் குறிப்பில் மட்டும் 'நாம்' என முடிப்பதே தக்கது என்பேன். தலைப்பிற்கு 'நாம்' என்பதே உரியது.