நாலு சக்கரமும் இழுக்கும்போது

பதிவு கொஞ்சம் நீளம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரக்கோணம் பக்கத்துக் கிராமம். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "சார், ஏரிக்கரையிலேர்ந்து கழனிக்கு இறங்கும்போது வண்டி வழுக்கிடுச்சு சார். மட்கார்டு மேல பையன் உக்காந்திருந்தான்" என்றான். குரல் நடுங்கியது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஒரு பனைமரத்தில் முட்டி நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓராண்டுக்கு முன் வாங்கிய சின்ன டிராக்டர். நாலு சக்கரமும் இழுக்கும் வகை. "இறங்கும்போது ஃபோர் வீல் போட்டிருந்தியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார், இறக்கம்தானே, இழுவை எதுக்குன்னு எடுத்துட்டேன். ரோட்டுல மட்டும் எப்பவும் போட்டே ஓட்டுவேன்" என்றான். முன் டயர் இரண்டும் ஒரே வருடத்தில் மொட்டையாகிவிட்டன என்றும் சொன்னான்.

தலைகீழாகச் செய்திருக்கிறான். வேண்டாத இடத்தில் போட்டிருக்கிறான், வேண்டிய இடத்தில் எடுத்திருக்கிறான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவன், இயந்திரம் படித்தவன் அல்ல. ஆனால் இவனுக்கு உராய்வுப் பாடம் நடத்தியவன் நான்தான். பழைய கணக்கைத் தீர்க்கவே இந்தப் பதிவு.

முதலில் வரலாறு. அயர்லாந்தில் 1884இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் ஹாரி பெர்குசன். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், அந்நாட்டு வேளாண்மை வாரியம் டிராக்டர்களின் வேலைத்திறனைக் கூட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அன்றைய டிராக்டர்களில் கலப்பையைச் சங்கிலி போலப் பின்னால் கட்டித்தான் இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பலர் செத்தார்கள்.

பெர்குசன் கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைத்து, ஹைட்ராலிக் மூலம் தூக்கி இறக்கும்படி செய்தார். மண்ணின் எதிர்ப்பே பின் சக்கரத்தை அழுத்தும். எடை குறைந்த வண்டியும் நன்றாக உழும். இன்று நம் ஊர் டிராக்டர் எதன் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று கை இணைப்பு இருக்கும்.

இனி 1960ஆம் ஆண்டுக்கு வருவோம். நான் பிறந்த ஆண்டு. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டு சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கி, மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே செய்ய வழி பிறந்தது. அதே ஆண்டுதான் பெர்குசன் காலமானார். ஜப்பானில் குபோட்டா தன் முதல் வயல் டிராக்டரை உருவாக்கியதும் அதே 1960தான்.

நமக்கு முக்கியம் அந்த ஜப்பான் கதை. அங்கேயும் நம்மைப் போலச் சின்னச் சின்ன நெல் வயல்கள். கனமான வண்டியை விட்டால் சேற்றில் புதையும். இலேசான வண்டியின் பின் சக்கரத்துக்குச் சேற்றில் பிடி பத்தாது. அதனால் முன் சக்கரத்தையும் இழுக்க வைத்தார்கள். மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்த பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனத்தின் வழியாகவும், 2008இல் சென்னையில் தொடங்கிய குபோட்டாவின் இந்திய நிறுவனத்தின் வழியாகவும் அந்த வகை வண்டிகள் நம் கழனிக்கு வந்தன. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன.

சரி, ரோட்டில் ஏன் போடக்கூடாது? முன் டயர் சிறியது. அது பின் டயரைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படி கியரை அமைத்திருப்பார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும். தார்ரோட்டில் வழுக்க இடமில்லை. டயர் தேயும், ஸ்டீயரிங் கனக்கும், கியர்கள் முறுக்கிக்கொள்ளும். திருப்பத்தில் இன்னும் மோசம்.

பெர்குசனுக்கும் இது தெரியும். கடைசிக் காலத்தில் அவர் நாலு சக்கர இழுவைக் கார்களில் இறங்கினார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் வைத்து அந்த முறுக்கைப் போக்கினார்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1961இல், இங்கிலாந்தில் நனைந்த பாதையில் ஸ்டிர்லிங் மாஸ் அந்தக் காரை ஓட்டிப் பந்தயத்தில் வென்றார். நம் சின்ன டிராக்டர்களில் அந்த நடு டிஃபரென்ஷியல் கிடையாது. அதனால் லீவரை எடுப்பது நம் பொறுப்பு.

இறக்கத்தில் ஏன் போடவேண்டும்? பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இறங்கும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரம் இலேசாகும். ஈரமான கரையில் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் நின்று, வண்டி சறுக்கும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரமும் கியர் வழியாகப் பின் சக்கரத்தோடு பிணைந்திருக்கும். பிரேக்கும் எஞ்சின் பிடிப்பும் நாலு சக்கரத்துக்கும் போகும்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

1. சேற்றுழவு, ஈரமண், ஏற்றம், இறக்கம், முன்பக்கம் பாரம் தூக்கும் வேலை: போடுங்கள். தார்ரோடு, சிமெண்டுத் தரை: எடுத்துவிடுங்கள்.

2. வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து மாற்றுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழலும்போது போடாதீர்கள். லீவர் எடுக்க வராமல் இறுகினால், கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விடும்.

3. கரை இறங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் கிளட்ச் மிதிப்பதும் நியூட்ரல் போடுவதும் கூடாது. சரிவில் குறுக்காகப் போகாமல் நேராக இறங்குங்கள்.

4. டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். முன்னும் பின்னும் அளவு ஒத்துப் போகாவிட்டால் மறுபடி அதே முறுக்குதான்.

5. ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள்.

6. மட்கார்டு உட்காரும் இடமல்ல. யார் அழுதாலும், அடம்பிடித்தாலும்.

என் மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "வாங்கும்போது யாரும் இப்படிச் சொல்லல சார்" என்றான். நாற்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு உராய்வு விசை வரைந்த நானும் அவனுக்கு இதைச் சொன்னதில்லையே என்று எனக்கு உறுத்தியது. ஏரிக்கரையை வரைந்து காட்டியிருக்கலாம்.

இப்போதாவது சொல்லிவிட்டேன். பக்கத்துக் கழனிக்காரரிடமும் சொல்லுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.