பக்கத்து மலை சொல்லும் சாட்சி
(பரிணாமமும் பக்தியும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா?)



விலங்கியல் படித்த நம்மவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்பார்: "ஏம்ப்பா, மனுசன் குரங்குல இருந்து வந்தான்னு காலேஜ்ல சொல்லித் தர்றாங்களாமே? அப்போ இனிமே சாமி கும்பிட மாட்டியா?"

அவர் கேலிக்காகக் கேட்பதில்லை. நம் மாவட்டத்தில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆட்டை விற்று, கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய வீட்டில், இந்தப் படிப்பு பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. பிள்ளையும் சிரித்து மழுப்பிவிடுகிறான். தேர்வுத்தாளில் டார்வின், வீட்டில் வேண்டுதல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இதை நாம் சமரசம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இது கேள்வியைத் தள்ளிப்போடுவதாகவே தோன்றுகிறது. வரலாறு படித்தவன் என்ற முறையில் வரலாற்றிலிருந்தே ஒரு விடை தேடிப் பார்க்கிறேன்.

பல்லாவரத்தில் கிடைத்த கல்

இங்கிலாந்தில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்தது 1859-இல். அந்த நாளில் அச்சான பல ஆங்கில பைபிள்களின் ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று போட்டிருக்கும். அயர்லாந்துப் பேராயர் அஷர் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு அது.

நூல் வெளிவந்து நான்கே ஆண்டுகள். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், சரளை வெட்டிய பள்ளம் ஒன்றில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடாரி அது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது இப்படித்தான்.

இதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது குறைந்தது 10 இலட்சம் ஆண்டு. சராசரியாகப் பார்த்தால் சுமார் 15 இலட்சம் ஆண்டு! நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கிய கை, நம் இனத்துக்கும் முந்திய ஒரு மனித இனத்தின் கை. 'குரங்கு மனிதனாச்சு' என்று ஊரில் சொல்வது சரியல்ல. இன்றைய குரங்கும் நாமும் ஒரே பழைய மூதாதையிடமிருந்து வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்து வந்தவர்கள் என்பதே பரிணாமம். கிளைகள் பல இருந்தன என்பதற்குத் தமிழ் மண்ணே சாட்சி.

மாமனாரும் மருமகனும்

இனி நான் சொல்ல வந்த கதை. இந்த ஃபூட்டின் மனைவி யார்? தமிழறிந்தோர் நன்கு அறிந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள்! யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்தியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டவர். சென்னையில் 1855-இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பைபிளைத் தமிழில் பெயர்த்தவர்.

மாமனார் ஆதியாகமத்தைத் தமிழாக்கியவர். மருமகன் அந்த ஆதியாகமக் கணக்கை உடைக்கும் கல்லைத் தோண்டி எடுத்தவர். ஒரே குடும்பம்!

அந்த மொழிபெயர்ப்பில் பெர்சிவலுக்கு உதவியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். தீவிர சைவர். பைபிளை வரிவரியாகத் தமிழாக்க உதவியும் அவர் சைவத்தை விடவில்லை. மாறாக, சைவத்துக்காகப் பள்ளியும் அச்சுக்கூடமும் நிறுவினார். மாற்றுக் கருத்தை ஆழமாகப் படிப்பதால் மட்டும் நம்பிக்கை கரைந்துவிடாது என்பதற்கு நாவலர் ஓர் உதாரணம்.

ஃபூட் பணி ஓய்வுக்குப் பின் குடியிருந்தது எங்கே? தொப்பூர் கணவாயைத் தாண்டினால் கண்ணில் படும் நம் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில்! 1912-இல் அவர் கல்கத்தாவில் மறைந்தார். ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. கி.மு. 4004 என்ற கணக்கைப் பொய்யாக்கியவரின் நினைவு ஒரு தேவாலயத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு போனது, கோயில் போகவில்லை.

நம் ஊர்ப் பிள்ளையார்

நம் வட்டாரத்துக்கு வருவோம். சேர்வராயன் மலையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடாரிகள் உழவு நிலத்தில் அகப்படும். எடுத்தவர்கள் அவற்றை வீசிவிடவில்லை. மரத்தடிக்கோ பிள்ளையார் கோயிலுக்கோ கொண்டுபோய் வைத்து, பொட்டு இட்டுக் கும்பிட்டார்கள். மோதூரில் 2004-05-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, புதிய கற்கால மக்கள் இங்கே வாழ்ந்ததை உறுதி செய்தது.

புதிய கற்கால மக்கள் முழுக்க முழுக்க நம் இனத்தவரே. ஆகவே இந்தக் கோடாரிகள் பரிணாமத்துக்குச் சான்று ஆகா. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கல் ஒரு மனிதன் காடு திருத்தச் செய்த கருவி என்று தெரிந்த பிறகும் நம் பாட்டி அதைக் கும்பிடலாம். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டன் கை பட்டது என்றால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது! கல்லின் வயதைச் சொல்வது தொல்லியல். கல்லின் முன் நின்று கை கூப்பும்போது மனசுக்குள் நடப்பது வேறு.

இரண்டு எதிர்ப்புகள்

இப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும்.

முதல் பக்கம், 'ஒத்துவரவே வராது' என்பவர்கள். தமிழ்நாட்டில் இந்தக் கட்சி வலுவானது. 1930-களில் 'குடிஅரசு' இதழில் பரிணாமம் பற்றியும் வானியல் பற்றியும் எளிய தமிழில் எழுதிய சிங்காரவேலர், உலகை விளக்கக் கடவுள் தேவையில்லை என்றார். உயிர்கள் மாறிய விதத்தை விளக்க இயற்கைத் தேர்வு போதும் என்ற அளவில் அவர் சொன்னது முழுச் சரி. ஆனால் கடவுள் உண்டா இல்லையா என்பதை எலும்பும் கல்லும் தீர்த்து வைக்க முடியாது. தாமே ஐயவாதியான டார்வினும், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அமெரிக்காவில் அவருக்காக வாதாடிய தாவரவியலார் ஆசா கிரே பக்தியுள்ள கிறித்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆன்மா பற்றிய தம் சபையின் போதனையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் பக்கம், 'எல்லாம் நம்ம நூலிலேயே இருக்கு' என்பவர்கள். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று தசாவதாரத்தையே பரிணாம வரிசை என்பார்கள். மாணிக்கவாசகர் புல் முதல் தேவர் வரை பிறவிகளை அடுக்கியதையும் சேர்த்துக்கொள்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மாணிக்கவாசகர் பேசுவது ஓர் ஆன்மா பிறந்து பிறந்து இளைத்த கதை. டார்வின் பேசுவதோ இலட்சக்கணக்கான தலைமுறைகளில் ஒரு கூட்டமே மெல்ல மாறுவது. முன்னது விடுதலைக்கான ஏக்கம். பின்னதில் குறிக்கோள் என்று ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெட்டுப்போகும். திருவாசகத்துக்கு டார்வினின் சான்றிதழ் எதற்கு?

2018-இல் மத்திய அமைச்சர் ஒருவரே டார்வின் கொள்கை தவறு என்று பேச, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் மறுத்து அறிக்கை விட்டன. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பத்தாவதோடு நிற்கும் பிள்ளைக்கும், அதற்கு மேல் வேறு பிரிவு எடுக்கும் பிள்ளைக்கும் அது தெரியாமலே போய்விடும் என்பதே அவர்கள் கவலை. பாடத்தை எடுத்துவிடுவதால் பக்தி வளர்ந்துவிடாது, பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

என் விடை

சரி, சேர்ந்து வாழ முடியுமா? முடியும் என்பதே என் விடை. ஆனால் சும்மா முடியாது. நம்பிக்கை இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒன்று, பூமியின் வயதையும் உயிர்கள் வந்த வழியையும் புனித நூல் தீர்த்துவிட்டது என்ற பிடிவாதம். அது கல்லின் வேலை. கல்லையே பேசவிட வேண்டும்.

இரண்டாவதுதான் நமக்கு வலிக்கும். பிறப்பிலேயே மேல் கீழ் உண்டு, இன்னார் தலையில் பிறந்தார், இன்னார் காலில் பிறந்தார் என்ற எண்ணம். மனிதர் எல்லோரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே குடும்பம் என்கிறது பரிணாமம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த இரத்த மாதிரிகளில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்தவர்களின் மரபு அடையாளம் கிடைத்தது. நாமெல்லாம் வழிநடந்து வந்தவர்களின் பிள்ளைகள். இதே தருமபுரியில், 2012 நவம்பரில், ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்த வீடும் எரிந்த வீடும் ஒரே மூதாதையின் வீடு. பிறப்பால் பேதம் பார்க்கும் நம்பிக்கையும் பரிணாமமும் ஒரு நாளும் ஒத்துப்போகா. உயிர்கள் எல்லாம் உறவு என்று சொல்லும் நம்பிக்கைக்கோ பரிணாமத்தோடு சண்டையே இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, அடுத்த முறை ஊர்ப் பெரியவர் கேட்டால் மழுப்பாதீர்கள். "கும்பிடறது என் இஷ்டம் தாத்தா. ஆனா நாம எல்லாரும் ஒரே வயித்துப் பிள்ளைங்க, அதைத்தான் படிச்சுட்டு வந்திருக்கேன்" என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனாலும் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடவில்லை என்பது அவருக்குப் புரியும்.