உறைந்த உடலும் ஒரு நோய்ப்பெயரும்

ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டபின் அதன் வாயிலில் மணல் சேர்ந்ததையும் அயற்கரையைக் கடல் அரித்ததையும் பலர் எழுதினர். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் இக்கரையோரத்தில் உளநலம் பற்றியும் பேசப்பட்டது. அப்பேச்சில் அதிகம் இடம்பெறாத ஒரு நிலையை இங்கு நோக்குவோம். நோயாளி பேசுவதில்லை, உணவை மறுக்கிறார், பிறர் உயர்த்திவிட்ட கையை உயர்த்தியபடியே நெடுநேரம் உறைந்திருக்கிறார்.

ஒலுவிலிலோ கல்முனையிலோ இதனை ஜின்னின் சேட்டையெனக் கருதித் தண்ணீர் ஓதிக் கொடுப்போர் உளர். இதை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆயின் ஓதுபவர் அயலில் இருந்தார். மனநோய் மருத்துவமனையோ நெடுங்காலம் அங்கொடையில் இருந்தது. 1873 ஆம் ஆண்டின் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் நோயாளியை நீதிமன்ற விசாரணைக்குரியவராகவே கண்டது. குடியேற்ற அரசின் முதற்கவலை நோயன்று, ஒழுங்கே என்பது எமது கருத்து.

அச்சட்டத்துக்கு அடுத்த ஆண்டு, 1874 இல், ஜெர்மானிய மருத்துவர் கால்பௌம் இந்நிலைக்குக் கட்டட்டோனியா எனப் பெயரிட்டு, அதனைத் தனிநோயாக விவரித்தார். கிரேப்பலினோ, ஹெக்கர் 1871 இல் விவரித்த ஹெபிஃபிரேனியாவோடு இதனையும் ஒரே நோயின் வகைகளாக்கினார். பிளாய்லர் 1908 இல் அந்நோய்க்கு ஸ்கிட்சோஃபிரேனியா, அதாவது உளப்பிளவு, எனப் பெயரிட்டார். கட்டட்டோனியா உளப்பிளவின் ஒரு கிளை என்ற கொள்கை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கோலோச்சியது.

இது வெறும் பெயர்ப் பிணக்கன்று. கடும் மனச்சோர்விலும் உடல்நோய்களிலும் இதே உறைவு தோன்றக்கூடும். உளப்பிளவெனக் கொண்டு அதற்குரிய மருந்தை மட்டும் கொடுத்தால் சிலரில் உறைவு மோசமடையும். உண்ணாது நீரருந்தாது கிடப்பவர் இறக்கவுங்கூடும். மாறாக, லோராசெப்பாம் பலரைச் சில மணிநேரத்திலோ சில நாட்களிலோ பேசவைக்கிறது. அது பயனளிக்காவிடின் மின்னதிர்ச்சிச் சிகிச்சை உண்டு. 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு உளப்பிளவின் உபவகைகளைக் கைவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு கட்டட்டோனியாவைத் தனித் தொகுதியாக்கியது. கால்பௌமின் கருத்து, முழுமையாக அன்றாயினும், மீண்டது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகளில் இவ்வகை வளர்முக நாடுகளிற் கூடுதலாகக் காணப்பட்டது. இதனைக் கீழைத்தேயத்து மனத்தின் இயல்பென விளக்குவது பழைய குடியேற்றவாதச் சிந்தனையின் எச்சமே. சிகிச்சை பிந்திக் கிடைக்கும் இடத்தில் நோய் முற்றிய வடிவில் வெளிப்படுகின்றது என்ற எளிய காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும். லோராசெப்பாம் அரிய மருந்துமன்று. அங்கொடைக்கு அனுப்பப்பட்ட கீழ்க்கரை நோயாளி, தன் மொழி பெரிதும் வழங்காத ஊரில், வாய்திறவாதவராகவே விசாரிக்கப்பட்டார்.