பீடிச் சட்டமும் கண்ணூர்த் தொழிலாளரும்

மேலப்பாளையத்திலும் வாணியம்பாடியிலும் நம் பெண்மக்கள் மடியில் முறத்தை வைத்துச் சுற்றிய பீடிக்கு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கும் அதிகாரத்தை 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மாநில அரசுக்கு அளித்தது. ஒரு மாநிலம் தொழிலாளர் பக்கம் நிற்க, அண்டை மாநிலம் வாளாவிருந்தால் என்ன நேரும்? கண்ணூரின் வரலாறு விடை கூறும்.

பீடித் தொழிலுக்கு இயந்திரம் வேண்டுவதில்லை. இலை, புகையிலைத் தூள், நூல், கத்தரிக்கோல், இரு கைகள், இவ்வளவே. ஆகவே முதலாளி ஊர் மாறுவது எளிது. குடும்பத்தோடு வேரூன்றிய தொழிலாளிக்கோ அது எளிதன்று.

1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நேரத்துக்கு வரம்பு, ஊதியத்தோடு கூடிய விடுப்பு முதலியவற்றை வகுத்ததுடன், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக அது ஏற்றது. எனினும் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கேரள அரசு 1968-இல் முந்திக்கொண்டது. மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பணிமனைகளை மூடிவிட்டு, அன்றைய மைசூர் மாநிலத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். நலம் நாடி வந்த சட்டமே முதலில் அடுப்பை அணைத்தது!

சட்டத்தைக் குறைகூறிவிட்டு அமைவது எளிது. தொழிலாளரோ அவ்வாறு அமையவில்லை. 1969 பிப்ரவரியில் அரசின் நிதியுதவியோடு தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினர். சட்டம் கூறிய சலுகைகளை வழங்கியபடியே அது சந்தையில் நிலைத்தது. பின்னாளில் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தது. பணிமனைகளில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவர். நல்ல கூலி தந்தால் தொழில் அழியும் என்ற வாதத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பை நான் அறியேன். தினேஷைப் பிற்காலத்தில் தளர்த்தியது கூலியன்று. பீடி புகைப்போர் குறைந்ததே ஆகும். அதன்பின் அது உணவுப் பொருள், குடை ஆகியவற்றிலும் இறங்கியது.

1966-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமென உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் இலையையும் தூளையும் இடைத்தரகருக்கு விற்பதாகவும், பீடியை அவரிடம் வாங்குவதாகவும் கணக்கெழுதிச் சட்டத்துக்குத் தப்பிய முதலாளிகள் பலர். அந்தக் கணக்கில் சுற்றிய பெண்ணின் பெயரே இராது. பெயர் இல்லாதவள் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கூலி கேட்பாள்?

எந்த மாநிலமும் கீழிறங்கக் கூடாத அடிநிலை ஊதியத்துக்கு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வகைசெய்தது. கண்ணூரில் கதவுகள் மூடப்பட்டு அப்போது 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.