ஐஎஸ்எஸ் உடன் முடியப்போகும் 25 ஆண்டுப் பேச்சு: விண்வெளி வீரர்களின் 'ஹாம் ரேடியோ' தொடருக்கு விடைகொடுக்கும் நாள் நெருங்குகிறது.. முழு விவரம்!

தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. நான்குவழிச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் காற்றாலைகளும் திறந்தவெளியும்தான். மேகம் இல்லாத ஒரு சாயங்காலம் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், சில நாட்களில் ஒரு வெளிச்சப் புள்ளி கண் சிமிட்டாமல் வானத்தைக் கடந்து போகும். விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுதான் ஐஎஸ்எஸ் எனப்படும் சர்வதேச விண்வெளி நிலையம்.

அந்தப் புள்ளிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், பள்ளிக்கூட மைதானத்தில் இருந்து ஒரு எட்டாம் வகுப்பு மாணவி நேரடியாகக் கேள்வி கேட்கலாம். பதிலும் அடுத்த நொடியே வரும். இணையம் தேவையில்லை, செல்போன் டவர் தேவையில்லை. ஒரு ரேடியோவும் ஆண்டெனாவும் போதும்.

2000-ம் ஆண்டு தொடங்கிய இந்தப் பேச்சுத் தொடருக்கு இப்போது முடிவு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. காரணம் என்ன? அதற்குள் நம் ஊர் மாணவர்களால் பேச முடியுமா? பார்க்கலாம்.

அது என்ன 'ஏரிஸ்'?

விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் ரேடியோ என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான் 'ஏரிஸ்'. அமெச்சூர் ரேடியோவைத்தான் பேச்சுவழக்கில் ஹாம் ரேடியோ என்கிறோம். வியாபாரத்துக்காக இல்லாமல், ஆர்வத்துக்காகவும் அவசர உதவிக்காகவும் அரசு லைசென்ஸ் பெற்று இயக்கப்படும் வானொலித் தொடர்பு இது. 2004 சுனாமி நேரத்தில் அந்தமானில் மற்ற தொடர்புகள் அறுந்தபோது, அங்கிருந்த ஹாம் ரேடியோக்காரர்கள்தான் பலருடைய நிலவரத்தை வெளியே சொன்னார்கள்.

விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் நிரந்தரமாகத் தங்க ஆரம்பித்தது 2000 நவம்பர் 2-ம் தேதி. அடுத்த 2 வாரங்களுக்குள் அங்கே ஹாம் ரேடியோ வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி, நிலையத்தின் முதல் கமாண்டர் பில் ஷெப்பர்ட், அமெரிக்காவின் சிகாகோ அருகே உள்ள பர்பாங்க் பள்ளி மாணவர்களுடன் பேசினார். அதுதான் இந்தத் தொடரின் முதல் பள்ளிப் பேச்சு.

2016 மார்ச்சில் 1,000-வது பேச்சு நடந்தது. அதற்குப் பிறகும் தொடர் நிற்கவில்லை.

முதன்முதலில் விண்வெளியில் இருந்து பேசியவர் யார்?

இந்தக் கதைக்கு இன்னும் பழைய தொடக்கம் உண்டு. 1983-ல் கொலம்பியா விண்கலத்தில் போன ஓவன் கேரியட், கையோடு ஒரு ஹாம் ரேடியோவையும் கொண்டுபோனார். ஓய்வு நேரத்தில் பூமியில் இருந்த ஹாம்களுடன் பேசினார். விண்வெளியில் இருந்து ஹாம் ரேடியோவில் பேசிய முதல் மனிதர் அவர்தான். 25 ஆண்டுகள் கழித்து, 2008-ல் அவருடைய மகன் ரிச்சர்ட் கேரியட் பணம் கட்டிப் பயணியாக ஐஎஸ்எஸ் போனார். அவரும் அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேசினார்.

நமக்குத் தெரிந்த பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. கல்பனா சாவ்லா, சுனிதா வில்லியம்ஸ் இருவருமே ஹாம் லைசென்ஸ் பெற்றவர்கள். இதில் சுனிதா, ஐஎஸ்எஸ்ஸில் இருந்தபடி பல பள்ளி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்.

பேச்சு ஏன் 10 நிமிடம்தான்?

நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ரேடியோ அலை நேர்கோட்டில் போவதால், நிலையம் நம் அடிவானத்துக்கு மேலே இருக்கும் வரைதான் பேச முடியும்.

எளிதாகப் புரிய ஒரு கணக்கு: நிலையம் டெல்லி இருக்கும் அளவு தூரத்தில் பறக்கும்போதே கயத்தாறின் அடிவானத்தில் அது எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிடும். தலைக்கு மேலே வந்து, இலங்கையையும் தாண்டி, கடலில் மறைய மொத்தம் 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடம்தான் மாணவர்களுக்குக் கிடைக்கும் நேரம்.

அதனால் எல்லாமே ராணுவ ஒழுங்கில் நடக்கும். 15, 20 மாணவர்கள் கேள்வியை மனப்பாடம் செய்து வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கேட்டு முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பவர் பேச முடியும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பேசலாம். நிலையம் நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை லேசாக நகரும் என்பதால், ரேடியோவை இயக்குபவர் அதையும் சரிசெய்துகொண்டே இருப்பார்.

கடைசி நிமிடத்தில் குரல் கரகரக்கும். பிறகு இரைச்சல் மட்டும்தான். அடிவானத்தில் நிலையம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்குக் கேள்வி கேட்க வாய்ப்பு கிடைக்காமல் போவதும் உண்டு. வீடியோ காலில் இந்தப் படபடப்பு இருக்காது. ஹாம் ரேடியோ ரசிகர்கள் இதை விட்டுக்கொடுக்காததற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மாணவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் உள்ளவர் கருவியை இயக்குவார், மாணவர்கள் மைக்கில் பேசுவார்கள்.

சுபான்ஷு சுக்லா பேசினாரே, அது இதுதானா?

ஆம். 2025 ஜூன் 26-ம் தேதி ஐஎஸ்எஸ் போய்ச்சேர்ந்த முதல் இந்தியரான சுபான்ஷு சுக்லா, ஜூலை 4-ம் தேதி பெங்களூருவில் உள்ள யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களுடன் ஹாம் ரேடியோவில் பேசினார். ஜூலை 8-ம் தேதி ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் கூடிய மாணவர்களுடனும் பேசினார். ஜூலை 15-ம் தேதி பூமி திரும்பினார்.

1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளி போனபோது அவரிடம் கேள்வி கேட்டவர் பிரதமர் இந்திரா காந்தி. நாடே டிவியில் பார்த்தது. 2025-ல் பிரதமருடன் சேர்த்து பள்ளிப் பிள்ளைகளும் கேள்வி கேட்டார்கள். 41 ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இது.

பிறகு ஏன் விடைகொடுக்க வேண்டும்?

ஏரிஸில் எந்தச் சிக்கலும் இல்லை. வயதானது நிலையத்துக்குத்தான். ஐஎஸ்எஸ்ஸின் முதல் பகுதி 1998 நவம்பரில் விண்ணுக்குப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்குவதால் உலோகம் களைத்துப்போகிறது. ரஷ்யப் பகுதியில் காற்றுக்கசிவு பல ஆண்டுகளாகத் தலைவலி கொடுத்து வருகிறது.

இப்போதைய திட்டப்படி நிலையம் 2030 வரை இயங்கும். அதன்பிறகு, சுமார் 420 டன் எடையுள்ள அதைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்கி, தென் பசிபிக் கடலில் ஆள் நடமாட்டமே இல்லாத பகுதியில் விழவைப்பார்கள். இதற்கான தனி விண்கலத்தைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 84.3 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தை நாசா கொடுத்தது. நிலையத்தின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கலாமா என்ற பேச்சும் அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் அது நாளைத் தள்ளிப்போடுமே தவிர, முடிவை மாற்றாது.

நிலையம் விழும்போது அதிலுள்ள ரேடியோவும் விழும். தொடரும் அங்கேயே முடியும்.

ரசிகர்கள் எப்படி விடைகொடுப்பார்கள்?

இதற்கு முன்பும் இவர்கள் விடைகொடுத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மிர் நிலையத்திலும் ஹாம் ரேடியோ இருந்தது. 1991-ல் செர்கெய் கிரிகலேவ் மிர்ரில் இருந்தபோதுதான் கீழே சோவியத் யூனியனே கலைந்தது. அந்த மாதங்களில் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தவர்களில் உலகின் பல நாட்டு ஹாம்களும் உண்டு. 2001 மார்ச் 23-ம் தேதி மிர் பசிபிக் கடலில் விழுந்தபோது அந்தக் குரலும் அடங்கியது.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. ஹாம்களுக்காகவே இஸ்ரோ 2005 மே 5-ம் தேதி 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஏவியது. 9 ஆண்டுகள் உழைத்த அது, பேட்டரி கோளாறால் 2014 ஜூலையில் ஓய்வுபெற்றது. அதன் வழியாகப் பேசிப் பழகிய ஹாம்கள் இன்றும் அதைப் பற்றிச் சொல்வார்கள்.

ஐஎஸ்எஸ் விஷயத்தில் ரசிகர்களின் கையில் மிஞ்சப்போவது என்ன? நிலையத்துடன் பேசியதற்கு, கேட்டதற்கு அத்தாட்சியாக வரும் 'க்யூஎஸ்எல்' அட்டைகள். நிலையம் அவ்வப்போது ரேடியோ ஒலியாக அனுப்பும் படங்கள். இந்த ஒலியை மொபைல் ஆப் ஒன்று கேட்டு, வரிவரியாகப் படமாக மாற்றிவிடும். அப்புறம், இரைச்சலோடு பதிவு செய்துவைத்த அந்த 10 நிமிடக் குரல்.

அடுத்து என்ன?

ஐஎஸ்எஸ்ஸுக்குப் பிறகு அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் நிலையம் கட்டத் திட்டமிட்டுள்ளன. இந்தியாவும் 'பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன்' என்ற சொந்த நிலையத்தின் முதல் பகுதியை 2028-ல் ஏவி, 2035-க்குள் முழுமையாக்க இலக்கு வைத்துள்ளது. இந்த நிலையங்களில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு ரேடியோ இருக்குமா என்பதுதான் ரசிகர்களின் கேள்வி. தனியார் நிலையத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. அங்கே கட்டணமில்லாத 10 நிமிடத்துக்கு இடம் கிடைப்பது தானாக நடக்காது, யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊர் மாணவர்கள் இப்போது என்ன செய்யலாம்?

* பார்க்கலாம்: நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' ஆப்பில் உங்கள் ஊரைக் கொடுத்தால், நிலையம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தெரியும் என்று காட்டும். சூரியன் மறைந்த பிறகும், விடிவதற்கு முன்பும்தான் தெரியும்.

* கேட்கலாம்: பள்ளிப் பேச்சுகளுக்கு நிலையம் பயன்படுத்தும் அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ். சொந்தக் கருவி இல்லாதவர்கள், இணையம் வழியாகக் கேட்கும் ரிசீவர்களிலும், பல பேச்சுகளின் யூடியூப் நேரலையிலும் கேட்கலாம்.

* லைசென்ஸ் எடுக்கலாம்: மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் பாஸானால் ஹாம் லைசென்ஸ் கிடைக்கும். 12 வயது ஆனாலே எழுதலாம். லைசென்ஸ் இல்லாமல் சிக்னல் அனுப்புவது சட்டப்படி குற்றம்.

* பள்ளி விண்ணப்பிக்கலாம்: ஏரிஸ் அமைப்பிடம் பள்ளிகள் விண்ணப்பிக்க வேண்டும். வாய்ப்பு கிடைத்துத் தேதி வர மாதக்கணக்கில் ஆகும். பள்ளியில் ஆண்டெனா வைக்க வசதி இல்லையென்றால், வேறு நாட்டில் உள்ள ஹாம் நிலையம் ரேடியோவில் பேசி, அந்த ஒலியைப் பள்ளிக்கு இணைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு.

இதே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் கிளம்புவதைக் கண்ணால் பார்த்து வளரப்போகும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். கேட்பதற்குக் கேள்விகளும் அவர்களிடம் நிறையவே இருக்கும்.

2030-க்கு இன்னும் சில ஆண்டுகள்தான். விண்ணப்பம், காத்திருப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நேரம் குறைவு. ஆசைப்படும் பள்ளிகள் இந்தக் கல்வியாண்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.