ஐம்பதிலும் வளையும்: பக்கவாத மறுவாழ்வின் வரலாறு



'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியை வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் அடிக்கடி எடுத்தாள்கிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய இதே கருத்தைக் கொண்டிருந்தது. பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தோர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அக்கருத்து மாறிய வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1658-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் உடலை ஆராய்ந்து, மூளைக்குள் ஏற்பட்ட இரத்தக் கசிவே காரணம் என எழுதினார். நோயின் இருப்பிடம் தெரிந்தது. மீளும் வழி தெரியவில்லை. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால், வளர்ந்தோரின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்றும், அழிந்தவை மீண்டும் தோன்றா என்றும் 1913-14-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். இக்கடுந்தீர்ப்பை இயன்றால் மாற்றும் பணியை எதிர்கால அறிவியலிடம் அவரே விட்டுச்சென்றார். ஆயினும் பின்வந்தோர் பலர் தீர்ப்பை மட்டுமே நினைவில் கொண்டனர்.

அத்தீர்ப்புக்கு எதிரான சான்று ஒரு வீட்டிலிருந்து கிடைத்தது. நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த கவிஞர் பெட்ரோ பாக்-இ-ரீட்டா, 1950-களின் இறுதியில் தம் 65-ஆம் வயதில் பக்கவாதத்தால் தாக்குண்டு, பேச்சும் நடையும் இழந்தார். சில வாரச் சிகிச்சையில் முன்னேற்றமில்லை. மெக்சிகோவில் மருத்துவ மாணவராக இருந்த மகன் ஜார்ஜ், தந்தையைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். குழந்தை எப்படி நடை பழகுகிறதோ அப்படியே தொடங்கினார். முதலில் முழங்காலில் தவழ்தல், பின்னர் நிற்றல், அதன்பின் நடத்தல். பாத்திரம் கழுவுவதும் கோலிக்குண்டு பொறுக்குவதும் கைக்குப் பயிற்சியாயின. ஏறத்தாழ ஓராண்டில் பெட்ரோ மீண்டும் கற்பிக்கச் சென்றார்!

சில ஆண்டுகள் கழித்து, கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் அவர் காலமானார். பிரேதப் பரிசோதனை செய்தபோது, மூளைத்தண்டின் பெருஞ்சேதம் ஆறாமலே இருந்தது தெரியவந்தது. அப்படியானால் எஞ்சிய பகுதிகளே புதிய வேலையைக் கற்றிருக்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளரான மற்றொரு மகன் பால், இதனால் மறுவாழ்வு மருத்துவத்தின்பால் திரும்பி, மூளை மாறும் தன்மையுடையது என்பதை நிறுவ உழைத்தார்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இன்னோர் உண்மையைக் கண்டார். தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்ற கை, அசையும் ஆற்றல் ஓரளவு திரும்பிய பின்னும் முயல்வதில்லை. பயன்படுத்தாமையையே மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. எனவே, நல்ல கைக்கு உறையிட்டு, தளர்ந்த கையை நாள்தோறும் பல மணிநேரம் பழக்கும் முறையை அவர் உருவாக்கினார். 2006-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றனர். இருவாரப் பயிற்சி பெற்றோரின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தேறியது. இது கையில் ஓரளவேனும் அசைவு எஞ்சியோருக்கான முறை. வல்லுநர் மேற்பார்வையிலேயே செய்யத் தக்கது. எல்லாரும் முழுமையாக மீள்வர் என்றும் சொல்வதற்கில்லை.

மலேசியாவில் 1996-இல், தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ அம்மையார், நாசாம் எனப்படும் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். மருத்துவமனையை விட்டு வந்தபின்னும் பயிற்சி தொடரவேண்டும் என்பதை உணர்ந்த முயற்சி அது.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் ஆசிரியராகிய எனக்கு ஒன்று தோன்றும். மறுவாழ்வு என்பது மருந்தைவிடக் கற்றலுக்கே நெருங்கியது. சிறு படிகள், இடைவிடாத பயிற்சி, பொறுமையான ஒருவர் அருகிலிருத்தல் ஆகியவை நம் வகுப்பறைக்கும் உரியவையல்லவா? முதலாம் ஆண்டில் வாசிக்க முயன்று தோற்று, நான்காம் ஆண்டில் புத்தகத்தைத் திறக்கவே மறுக்கும் மாணவனும் அந்தத் தளர்ந்த கையைப் போன்றவனே. இயலாமை நீங்கியிருக்கலாம், முயலாமை மட்டும் எஞ்சியிருக்கலாம்.

பழமொழி, நல்ல பழக்கங்களை இளமையிலேயே வளர்க்கச் சொல்லப்பட்டது. எவருக்கும் கற்றலின் கதவை அடைக்க அன்று. வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியவருக்கும், வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைக்கும், 'இனி முடியாது' என்று நாம் தீர்ப்பு எழுதாதிருப்போம்.